மின்னல் தீண்டிய கலங்கள்

நுழையும்முன்

கப்பல், வானூர்தி, ஏவூர்தி, மகிழுந்து என மனிதன் ஏறிச் செல்லும் கலங்கள் அனைத்தையும் மின்னல் தீண்டியிருக்கிறது. சில கலங்கள் எரிந்து வீழ்ந்தன. பல, சிறு வடுவோடு தம் பயணத்தைத் தொடர்ந்தன. நிலவுக்குப் புறப்பட்ட ஒரு விண்கலம், ஏவப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் இருமுறை மின்னலால் தாக்கப்பட்டும் நிலவைத் தொட்டுத் திரும்பியது. அது பிழைத்தது எவ்வாறு என்பதை அறிவியல் நோக்கில் விளக்குகிறது இப்பாடம்.

இடி விழுமா?

வானில் ஒளிக்கீற்று தோன்றினால் 'மின்னல் மின்னியது' என்கிறோம். மறுநாள் காலையில் ஒரு தென்னை கருகி நின்றால் 'இடி விழுந்துவிட்டது' என்கிறோம். மரத்தைக் கருக்கியது இடியன்று. இடி வெறும் ஓசையே. மின்னோட்டம் பாய்ந்த தடத்திலுள்ள காற்று, நொடியின் மிகச் சிறு கூற்றுக்குள் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைகிறது. இது ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கு. அவ்வளவு விரைவாகச் சூடேறிய காற்று வெடித்து விரிவதால் எழும் அதிர்வே இடி. ஆயினும் பேச்சு வழக்கு, கண்டதைவிடக் கேட்டதற்கே முதன்மை தந்துவிட்டது. பழந்தமிழில் இடியைக் குறிக்கும் 'உரும்' என்னும் சொல்லும் அழிக்கும் ஆற்றலோடு சேர்த்தே பேசப்பட்டது. இடியோசைக்குப் பாம்பு நடுங்கும் என்பது பழம்பாடல்களில் பயின்றுவரும் கருத்து. கோபுரத்தின் உச்சியில் நாம் நிறுத்தும் உலோகக் கம்பிக்கும் 'இடிதாங்கி' என்றே பெயரிட்டோம். அது தாங்குவது மின்னலை. பொருள் பிழையாயினும் பெயர் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

மேகத்திற்குள் நிகழ்வது இது: மேலெழும் காற்றில் சிறு பனிப்படிகங்களும் சற்றே பெரிய மென்பனிக் கட்டிகளும் ஓயாது மோதிக்கொள்கின்றன. மோதலில் ஒன்று நேர்மின்னூட்டமும் மற்றொன்று எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. எடை குறைந்த படிகங்கள் மேலே செல்ல, கனத்த கட்டிகள் கீழே தங்குகின்றன. இவ்வாறு மேகம் இருவேறு மின்னூட்டப் பகுதிகளாகப் பிரிகிறது. இடையிலுள்ள காற்று, மின்சாரத்தைத் தடுக்கும் சுவராக நிற்கிறது. மின்புலம் வலுத்து அச்சுவர் உடையும்போது பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. நம் வீட்டு மின்விசிறி ஓர் ஆம்பியரைக்கூட எடுத்துக்கொள்வதில்லை என்பதை இங்கு நினைவுகூர்ந்தால் இவ்வெண்ணின் பெருமை விளங்கும்.

முப்பத்தாறரை நொடி

1969ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி மையத்தில் அப்பல்லோ 12 புறப்பட ஆயத்தமாக நின்றது. மனிதர் நிலவில் முதன்முதலாகக் கால் பதித்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. இது இரண்டாம் பயணம். தலைவர் பீட் கான்ராடு, ரிச்சர்டு கோர்டன், ஆலன் பீன் ஆகிய மூவரும் கலத்தினுள் இருந்தனர். மழை தூறிக்கொண்டிருந்தது, மேகம் தாழ்ந்து கவிந்திருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் நேரில் வந்திருந்தார். அப்பகுதியில் மின்னல் ஏதும் தென்படவில்லை. காலை 11.22 மணிக்கு 110 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள சாட்டர்ன் 5 ஏவூர்தி தீப்பிழம்பைக் கக்கியவாறு எழுந்து, மேகத்திற்குள் மறைந்தது.

மறைந்த சிறிது நேரத்தில், ஏவப்பட்ட 36.5ஆவது நொடியில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஏவூர்தியை மின்னல் தீண்டியது. ஏவுதளத்தைப் படம்பிடித்த கருவிகளில், மேகத்திலிருந்து தரை வரை இறங்கிய மின்னல் பதிவாகியிருந்தது. 52ஆவது நொடியில், நான்கு கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில், இரண்டாவது மின்னல் தாக்கியது.

மின்னல் இல்லாத வானில் மின்னல் எங்கிருந்து வந்தது? அதனை ஏவூர்தியே வரவழைத்துக்கொண்டது. மேகத்தில் மின்னூட்டம் இருந்தது. ஆனால் தானாகப் பாயும் அளவுக்கு அது வலுப்பெறவில்லை. அந்நிலையில் உலோகத்தாலான நெடிய தூண் ஒன்று மேகத்தைத் துளைத்துச் சென்றது. அதன் அடியிலிருந்து பீறிட்ட கனல்வாயு அயனியாகி மின்சாரத்தைக் கடத்தும் தன்மை பெற்றிருந்தது. ஏவூர்தியும் கனலும் சேர்ந்து, வானில் திடீரென நட்டுவைத்த நீண்ட கம்பியாயின. மின்புலம் அக்கம்பியின் முனைகளில் குவிந்தது. காற்றுச் சுவர் உடைந்தது.

அறையில் ஓர் இளைஞர்

முதல் மின்னல் தாக்கியவுடன் கலத்தினுள் எச்சரிக்கை விளக்குகள் வரிசை வரிசையாக எரிந்தன. கலத்திற்கு மின்சாரம் அளித்துவந்த மூன்று எரிபொருள் மின்கலன்களும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன. இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அம்மின்கலன்கள் பழுதடையவில்லை. மிகை மின்னோட்டம் பாய்ந்தால் மின்கலன்களைக் காப்பாற்றுவதற்கென்று அமைந்திருந்த காவற்சுற்றுகள், மின்னலின் கண நேர வீச்சை உண்மையான பழுதெனக் கருதி இணைப்பை விலக்கிவிட்டன. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் துண்டிப்பான் போன்றது இது. காவலன் தவறாக எண்ணிக் கதவை அடைத்துவிட்டான். வீடு நன்றாகவே இருந்தது.

கலத்தின் முழுச்சுமையும் மின்கல அடுக்குகளின்மீது விழுந்தது, மின்னழுத்தம் தாழ்ந்தது. இரண்டாம் மின்னலில், கலம் எத்திசை நோக்கியிருக்கிறது என்பதை உணர்த்தும் சுழல்காட்டி மேடை நிலைகுலைந்து சுழன்றது. பயணத்தைக் கைவிட்டுக் கலத்தை ஏவூர்தியிலிருந்து பிரித்துத் தப்பிக்கச் செய்யும் கைப்பிடி கான்ராடின் எட்டும் தொலைவில் இருந்தது. அவர் அதனைத் திருப்பவில்லை.

ஹூஸ்டன் நகரிலிருந்த கட்டுப்பாட்டு அறையில், பயண இயக்குநர் ஜெரி கிரிஃபின், கலத்தின் மின்னமைப்பைக் கவனித்துவந்த ஜான் ஆரனின் விடைக்காகக் காத்திருந்தார். ஆரனுக்கு அப்போது அகவை 26. அவர் திரையில் தோன்றிய எண்கள் பொருளற்றவையாக இருந்தன. கலம் அடியோடு மின்சாரம் இழந்திருந்தால் எண்கள் இல்லாது போயிருக்கும். இங்கோ எண்கள் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அந்தப் பொருந்தாமையை ஆரன் முன்பே கண்டிருந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், கென்னடி மையத்தில் நடந்த ஓர் ஆய்வை ஹூஸ்டனிலிருந்து அவர் கவனித்துக்கொண்டிருந்தபோது, மின்னழுத்தம் தவறுதலாகத் தாழ்ந்து திரையில் இதேபோன்ற எண்கள் வந்தன. அவை அவருடைய பணிக்கு இன்றியமையாதவை அல்ல. கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். அவரோ காரணத்தைத் தேடிச் சென்று, குறிப்பலை சீராக்கும் கருவி என்னும் சிறு பெட்டியில் அது முடிவதைக் கண்டறிந்தார். உணரிகள் அனுப்பும் பலவகை மின்குறிப்புகளை ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவந்து, காட்டிகளுக்கும் தரைக்கும் அனுப்புவது அப்பெட்டியின் வேலை. மின்னழுத்தம் குறைந்தால் அது செயலிழக்கும். ஆனால் அதன் நிலைமாற்றியைத் துணைநிலைக்கு மாற்றினால் குறைந்த மின்னழுத்தத்திலும் இயங்கும்.

'எஸ்.சி.இ.யை ஆக்ஸுக்கு மாற்றுங்கள்' என்பதே ஆரன் கூறியதன் சாரம். அந்த நிலைமாற்றியைப் பயண இயக்குநர் அறிந்திருக்கவில்லை. கலத்தோடு பேசிய ஜெரால்டு காரும் அறிந்திருக்கவில்லை. கான்ராடும் அப்படியொன்று இருப்பதை நினைவுகூரவில்லை. விண்ணில் முதன்முறையாகப் பறந்த ஆலன் பீனுக்கு மட்டும் அது எங்கே உள்ளது என்பது தெரிந்திருந்தது. அவர் கை நீட்டி மாற்றினார். தரையில் எண்கள் சீராகின. ஏவப்பட்ட மூன்று நிமிடங்களுக்குள் மூன்று எரிபொருள் மின்கலன்களும் மீண்டும் இணைக்கப்பட்டன.

இதற்கிடையே சாட்டர்ன் ஏவூர்தி தன் பாதையிலிருந்து சற்றும் வழுவவில்லை என்பதை மறந்துவிடலாகாது. அதனைச் செலுத்திய கணினி, வீரர்கள் இருந்த கலத்தில் இல்லை. மூன்றாம் அடுக்கின் மேலே வளையம்போல் அமைந்த தனிப்பகுதியில் அது இருந்தது. அக்கணினியின் தருக்கச் சுற்றுகள் மும்மூன்றாக அமைக்கப்பட்டவை. ஒன்று தவறினாலும் மற்ற இரண்டின் விடையே ஏற்கப்படும். கலத்தின் மேடை நிலைகுலைந்தபோதும் ஏவூர்தியின் வழிகாட்டும் அமைப்பு தன் பணியைச் செய்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கியிருந்தால் எடையும் செலவும் குறைந்திருக்கக்கூடும். அன்றைய நாளின் முடிவும் வேறாகியிருக்கக்கூடும்.

வான்குடை விரியுமா?

கலம் புவியைச் சுற்றத் தொடங்கியதும் சோதனைகள் நடந்தன. விண்மீன்களைக் குறிபார்த்துச் சுழல்காட்டி மேடை மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. கணினி, உந்துபொறிகள், மின்சுற்றுகள் யாவும் சீராக இருந்தன. ஒன்றை மட்டும் சோதிக்க வழியில்லை. பயணத்தின் இறுதியில் வான்குடைகளை விரிக்கும் சிறு வெடிபொருள்களை மின்னல் பழுதாக்கியிருக்குமோ என்னும் ஐயம் தரையிலிருந்தோருக்கு எழுந்தது. வெடிபொருளை வெடித்துப் பார்த்தால்தான் அது வேலைசெய்கிறதா என்று தெரியும். வெடித்துவிட்டால் மீண்டும் பயன்படாது.

வான்குடை விரியாவிடில், கலம் அன்றே திரும்பினாலும் பத்து நாள் கழித்துத் திரும்பினாலும் மூவரும் கடலில் மோதி இறப்பர். திரும்பி வரச்சொல்வதால் ஆபத்து குறையப்போவதில்லை. எனவே நிலவுக்குச் செல்லலாம் என்று முடிவு செய்யப்பட்டது. இந்த ஐயம் வீரர்களிடம் சொல்லப்படவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பது அறிவியல் வினா அன்று. வகுப்பறையில் இருபுறமும் நின்று வாதிடத்தக்க அறவினா.

நவம்பர் 19 அன்று கான்ராடும் பீனும் நிலவில் இறங்கினர். அவர்கள் இறங்கிய பரப்பின் பெயர் 'புயற்பெருங்கடல்'. பல நூற்றாண்டுகளுக்கு முன் வானியலார் இட்ட அப்பெயர் இவர்களுக்கு எவ்வளவு பொருந்திவந்தது! நவம்பர் 24 அன்று வான்குடைகள் விரிந்தன. கலம் பசிபிக் பெருங்கடலில் இறங்கியது. பின்னர் ஆராய்ந்தபோது, மின்னலால் நிலையாகக் கெட்டவை ஒன்பது உணரிகள் மட்டுமே என்று தெரிந்தது; அவற்றுள் ஒன்றும் இன்றியமையாதது அன்று.

பாரடேயின் கூண்டு

மின்னல் ஏவூர்தியைத் துளைத்துச் செல்லாமல் விட்டது ஏன்? இதற்கு விடை 1836இலேயே கிடைத்துவிட்டது. இலண்டன் அறிவியலாளர் மைக்கேல் பாரடே, ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீள அகல உயரமுள்ள மரச்சட்டக் கூண்டைச் செய்து, அதனைக் கம்பிகளாலும் உலோகத் தாளாலும் போர்த்தினார். கூண்டிற்கு வெளியிலிருந்து மின்னாக்கி ஒன்றால் வலிமையான மின்னூட்டம் ஏற்றச் செய்தார். வெளிப்புறம் எங்கும் மின்பொறிகள் தெறித்தன. பாரடே நுண்ணிய மின்காட்டிகளோடு உள்ளே சென்று அமர்ந்தார். அவற்றின் இலைகள் அசையவே இல்லை. கடத்தியாலான மூடிய கூட்டில் மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. உட்புறத்தில் மின்புலம் இல்லை.

அவ்வாறாயின் அப்பல்லோவின் உள்ளிருந்த கருவிகள் ஏன் கலங்கின? அதற்கும் பாரடேயே விடை வைத்திருந்தார். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1831இல், மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று அவர் கண்டறிந்திருந்தார். மின்னல் நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கு நேரத்தில் பல்லாயிரம் ஆம்பியராக உயர்வதால் காந்தப்புலம் மிக விரைவாக மாறுகிறது. கூட்டில் இடுக்குகளும் திறப்புகளும் உண்டு. வெளியிலிருந்து உள்ளே வரும் கம்பிகளும் உண்டு. அவ்வழியே உள்ளே நுழையும் சிறு துடிப்பு போதும், நுண்மின்சுற்று தடுமாறுவதற்கு. காக்கும் விதியையும் அக்காப்பில் நேரும் கசிவின் விதியையும் ஒரே மனிதர் கண்டுரைத்தது வியப்பிற்குரியது.

தெரிந்து தெளிவோம்

மரக்கப்பல்களின் உயர்ந்த பாய்மரங்கள் மின்னலுக்கு எளிய இலக்காயின. புயல் நெருங்கும்போது சங்கிலி ஒன்றைப் பாய்மர உச்சியிலிருந்து கடலில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. ஆனால் அச்சங்கிலி பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஸ்நோ ஹாரிஸ், செப்புப் பட்டைகளைப் பாய்மரத்திலேயே நிலையாகப் பதித்துக் கப்பலின் அடிவரை கொண்டுசென்றார். சார்லஸ் டார்வின் 1831இல் புறப்பட்டுச் சென்ற பீகிள் கப்பலிலும் இவ்வமைப்பு பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் ஆங்கிலேயக் கடற்படை இதனை முறையாக ஏற்றுக்கொண்டது.

வானூர்தியில்

பயணிகள் வானூர்தி ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னலால் தீண்டப்படுகிறது என்று வல்லுநர் கணிக்கின்றனர். பெரும்பாலும் பயணியர் ஒரு பளிச்சொளியைக் காண்பர், ஓர் ஓசையைக் கேட்பர், அவ்வளவே. மின்னல் மூக்கிலோ இறக்கை நுனியிலோ நுழைந்து, அலுமினியப் புறத்தோல் வழியே சென்று, வால்முனையில் வெளியேறிவிடும். நுழைந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சிறு தீய்ந்த புள்ளிகள் எஞ்சும்.

இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைத்ததன்று. 1963 டிசம்பர் 8 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எல்க்டன் என்னும் ஊருக்கு அருகே, பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 வானூர்தி மின்னலால் தாக்குண்டது. இறக்கையிலிருந்த எரிபொருள் கலத்தின் ஆவி தீப்பற்றி வெடித்தது. வானூர்தியிலிருந்த 81 பேரும் உயிரிழந்தனர். புறத்தோல் மின்னோட்டத்தைக் கடத்தினாலும், எரிபொருள் ஆவிக்கு ஒரு பொறி போதும். அதன்பின் எரிபொருள் கலங்களின் மூடிகள், காற்றுப்போக்கிகள், இணைப்புகள் ஆகியவற்றில் பொறி தோன்றாதவாறு வடிவமைக்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

மின்னலை நன்கறிய அதனிடமே செல்லவேண்டும் என்று நாசா அறிவியலாளர் துணிந்தனர். 1980களில் எஃப்-106பி என்னும் வானூர்தியை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் செலுத்தினர். அது எழுநூறு முறைக்குமேல் மின்னலால் தீண்டப்பட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பிவந்தது. அத்தாக்குதல்களுள் பெரும்பாலானவை வானூர்தியே தூண்டியவை என்பதும் தெரியவந்தது. அப்பல்லோ கற்பித்த பாடத்தை அளவீடுகள் உறுதிசெய்தன.

இக்காலத்தில் போயிங் 787 போன்ற வானூர்திகளின் உடல் பெரும்பகுதி கரியிழைக் கலப்புப் பொருளால் ஆனது. இது அலுமினியத்தைவிட இலேசானது. ஆனால் அலுமினியத்தைப்போல் நன்கு கடத்தாது. எனவே புறத்தோலின் அடியில் மெல்லிய உலோக வலையைப் பதிக்கின்றனர். கூண்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டு, மீண்டும் கூண்டையே நெய்து வைக்கவேண்டியதாயிற்று!

ஒரு சொல் மாறியது

எல்லாக் கலங்களும் பிழைக்கவில்லை. 1987 மார்ச் 26 அன்று ஆளில்லா அட்லஸ்-சென்டார் ஏவூர்தி, செயற்கைக்கோள் ஒன்றைச் சுமந்து புளோரிடாவிலிருந்து மழைமேகத்தினுள் எழுந்தது. ஒரு நிமிடம் நிறைவதற்குள் மின்னல் தாக்கியது. வழிகாட்டும் கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு தரவுச்சொல் மாறிப்போனது. அம்மாற்றத்தால் ஏவூர்தி திடீரெனப் பக்கவாட்டில் திரும்பி, காற்றின் விசையால் உடைந்தது. எஞ்சியதைத் தரையிலிருந்தோர் அழிக்க நேர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அதே கடற்கரையில் நிகழ்ந்ததை அறிந்திருந்தும் மழைமேகத்தில் ஏவ இசைந்தது ஏற்கத்தக்கதன்று. இன்று ஏவுதளங்களைச் சுற்றி மின்புலமானிகள் நிற்கின்றன. மேகத்தின் மின்னூட்டம் வரம்பைக் கடந்தால் ஏவுதல் நிறுத்திவைக்கப்படும்.

சாலையிலும் வீட்டிலும்

மழைக்காலத்தில் மகிழுந்தினுள் இருப்போர் மின்னலுக்குப் பெரும்பாலும் தப்புகின்றனர். 'டயர் இரப்பரால் ஆனது. அதனால்தான்' என்று பலரும் கருதுகின்றனர். கிலோமீட்டர்க் கணக்கில் காற்றைக் கிழித்துவந்த மின்னலுக்கு ஒரு சாண் இரப்பர் தடையாகுமா? காப்பது உலோகக் கூரையும் கதவுகளுமே. மின்னோட்டம் அவற்றின் வெளிப்புறமாக இறங்கி, டயர்களைத் தாண்டித் தரைக்குப் பாய்கிறது. டயர் வெடிப்பதும் உண்டு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உலோகப் பகுதிகளைத் தொடாமல் அமர்ந்திருப்பது தக்கது. இருசக்கர வண்டிக்கும் கூரையற்ற உழுவுந்துக்கும் இந்தக் காப்பு இல்லை. அவற்றிலும் இரப்பர் டயர் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் உண்மை புலப்படும். இந்தியாவில் ஆண்டுதோறும் ஈராயிரத்திற்கும் மேற்பட்டோர் மின்னலால் உயிரிழக்கின்றனர். அவர்களுள் வயலில் உழைப்போரும் மரத்தடியில் ஒதுங்குவோரும் மிகுதி.

வீட்டுக் கருவிகளின்மீது மின்னல் நேரே விழவேண்டுமென்பதில்லை. தொலைவிலுள்ள மின்கம்பத்தில் விழுந்தாலும் மின்கம்பி வழியாகவும் கேபிள் வழியாகவும் அழுத்த அலை உள்ளே வரும். சுவரிலுள்ள சொடுக்கியை அணைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. மேகத்திலிருந்து தாவிவந்த ஆற்றலுக்குச் சொடுக்கியினுள் இருக்கும் சிறு இடைவெளி பொருட்டன்று. செருகியைக் கழற்றிவிடவேண்டும், தொலைக்காட்சியாயின் கேபிளையும் கழற்றவேண்டும். இதனை இடி தொலைவில் கேட்கும்போதே செய்யவேண்டும். தலைக்குமேல் மின்னும்போது செருகியில் கை வைக்கலாகாது. மின்னலைக் கண்டபின் இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஆறு நொடி என்றால் இரண்டு கிலோமீட்டர். அப்பல்லோவை முதல் மின்னல் தீண்டிய உயரம் அது.

கற்பவை கற்றபின்...

1. வான்குடை குறித்த ஐயத்தை அப்பல்லோ 12 வீரர்களிடம் தெரிவித்திருக்க வேண்டும் / வேண்டியதில்லை – இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. 'இடி விழுந்தது', 'இடிதாங்கி' ஆகியவற்றைப்போல் அறிவியல் உண்மைக்கு மாறாக நிலைத்துவிட்ட பேச்சு வழக்குகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுக.

3. உங்கள் ஊரில் இடிதாங்கி பொருத்தப்பட்ட கட்டடங்களைப் பார்த்து, கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் படம் வரைந்து காட்டுக.

4. மின்னழுத்தம் தாழ்ந்தபோது காவற்சுற்றுகளும் குறிப்பலை சீராக்கும் கருவியும் எவ்வாறு செயற்பட்டன என்பதை ஒரு பக்க அளவில் விவரிக்க.